ஓட்டுநர் இருக்கை காலியாகும் வரை

வாசகர் கேள்வி – பதில்

கடந்த சில வாரங்களாக இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டெஸ்லா நிறுவனத்தின் பங்கைப் பற்றியவை. கார் விற்பனை குறைந்துவருகிறது. தானே ஓடும் கார் வந்துவிட்டது என்ற அறிவிப்புகளோ நின்றபாடில்லை. இரண்டுக்கும் நடுவில் தங்கள் சேமிப்பு மாட்டிக்கொண்டிருக்கிறதே என்ற கவலையை எல்லாக் கடிதங்களிலும் பார்த்தேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளைத் தொகுத்து, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கணக்குகள் 2025 முடிய உள்ளவை. தொகைகள் அமெரிக்க டாலரில் உள்ளவை.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 2021இல் இந்தப் பங்கை வாங்கியபோது, விற்பனை பல ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 50 சதவீதம் வளரும் என்று நிறுவனமே சொல்லியிருந்தது. இப்போது தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாக விற்பனை குறைந்திருக்கிறது. இது தற்காலிகத் தேக்கமா, அல்லது வளர்ச்சியின் காலமே முடிந்துவிட்டதா?

பதில்: நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் கூட்டு வளர்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன். 2021இல் டெஸ்லா வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்த கார்கள் சுமார் 9.36 லட்சம். அதை ஆண்டுக்கு ஒன்றரை மடங்காக நான்கு முறை பெருக்கினால் 2025இல் 47 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையில் ஒப்படைக்கப்பட்டவை சுமார் 16.36 லட்சம், அதாவது சொன்னதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இடைப்பட்ட ஆண்டுகளையும் பாருங்கள்: 2022இல் 13.1 லட்சம், 2023இல் 18.1 லட்சம், 2024இல் 17.9 லட்சம். முதலில் வேகம் குறைந்தது, பிறகு வளர்ச்சி நின்றது, 2025இல் 8 சதவீதத்துக்கும் அதிகமாக விற்பனை இறங்கியது. 2030க்குள் ஆண்டுக்கு இரண்டு கோடி கார்கள் என்று ஒரு காலத்தில் அறிவித்திருந்த இலக்கு, 2024 மே மாதம் வெளியான நிறுவனத்தின் சமூக, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் காணப்படவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் தற்காலிகமானவற்றையும் நிலையானவற்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. 2025 முதல் காலாண்டில் நான்கு தொழிற்சாலைகளிலும் மாடல் ஒய் காரின் புதிய வடிவத்துக்கு மாறினார்கள். அதனால் உற்பத்தி சில வாரங்கள் தடைப்பட்டது, அந்தக் காலாண்டு விற்பனை 13 சதவீதம் விழுந்தது. இது தற்காலிகம். அமெரிக்காவில் மின்சார கார் வாங்குவோருக்குக் கிடைத்துவந்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30 அன்று முடிவுக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் முந்திக்கொண்டதால் மூன்றாம் காலாண்டில் 4.97 லட்சம் கார்கள் என்ற சாதனை நிகழ்ந்தது, அடுத்த காலாண்டிலேயே அது 4.18 லட்சமாக இறங்கியது. சலுகை திரும்பி வரும் என்று நம்ப இடமில்லாததால் இதை நான் தற்காலிகமானவற்றில் சேர்க்க மாட்டேன்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. 2024இல் ஒப்படைத்த கார்களில் 95 சதவீதம் மாடல் 3, மாடல் ஒய் என்ற இரண்டே வகைகள். மாடல் 3 காரின் விற்பனை 2017இல் தொடங்கியது, மாடல் ஒய் 2020இல் வந்தது. ஷாங்காய், பெர்லின், டெக்ஸாஸ் என்று அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டபோது, இருந்த தேவையை எட்டிப் பிடிப்பதே வளர்ச்சியாக இருந்தது. 2023இல் மாடல் ஒய் உலகிலேயே அதிகம் விற்ற காராகவும் ஆனது. அந்த உச்சியிலிருந்து மேலே செல்ல, இன்னும் மலிவான ஒரு புதிய கார் தேவைப்பட்டது. வந்தவை 2025 அக்டோபரில் 39,990 டாலருக்கும் 36,990 டாலருக்கும் அறிமுகமான, சில வசதிகளைக் குறைத்த அதே மாடல் ஒய்யும் மாடல் 3உம்தான். இதற்கிடையே சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2025இல் 22 லட்சத்துக்கும் அதிகமான முழு மின்சார கார்களை விற்று, ஆண்டுக் கணக்கில் டெஸ்லாவை முந்திவிட்டது. தலைமை நிர்வாகி எலான் மஸ்க் அரசியலில் நேரடியாக இறங்கியதால் மனம் விலகிய வாடிக்கையாளர்களும் உண்டு; அந்தக் கோபம் காலத்தில் ஆறலாம், ஆனால் இடைப்பட்ட நாளில் வேறு கார் வாங்கியவர் அடுத்த காரை ஐந்தாறு ஆண்டு கழித்தே வாங்குவார்.

ஆக, கார் விற்பனை ஓரளவு மீளக்கூடும். நீங்கள் 2021இல் நம்பி வாங்கிய அந்த 50 சதவீத வளர்ச்சி மீளாது. மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் மின்கலங்களை விற்கும் நிறுவனத்தின் தொழில் மட்டும் உண்மையாகவே வளர்கிறது. நிறுவிய மின்கலங்களின் கொள்ளளவு 2023இல் 14.7 கிகாவாட்-மணி, 2024இல் 31.4, 2025இல் 46.7. கார்களைப் பற்றிய சத்தத்தில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் பங்கின் இன்றைய விலையைத் தாங்கும் அளவுக்கு அது இன்னும் பெரிதாகவில்லை.

கேள்வி: விற்பனையும் லாபமும் குறையும்போது பங்கின் விலை மட்டும் ஏன் உயரத்திலேயே நிற்கிறது? சந்தைக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரியுமா?

பதில்: சந்தைக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், எதற்கு எவ்வளவு விலை கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2025 முடிவில் ஒரு லட்சம் கோடி டாலரை வெகுவாகத் தாண்டியிருந்தது. சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு லட்சம் கோடி என்றே வைத்துக்கொண்டு, அதை அந்த ஆண்டு விற்ற 16.36 லட்சம் கார்களால் வகுத்தால், விற்ற ஒவ்வொரு காருக்கும் ஆறு லட்சம் டாலருக்கு மேல் மதிப்பு வருகிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான வாகனங்கள் விற்கும் டொயோட்டாவின் சந்தை மதிப்பு இதில் ஒரு பகுதிதான். கார் விற்று வரும் லாபத்தை எப்படிக் கூட்டிப் பெருக்கினாலும் இந்த விலைக்கு நியாயம் சொல்ல முடியாது. அந்த நிறுவனத்தை ஆதரிப்பவர்களும் அப்படிச் சொல்வதில்லை. ஆர்க் முதலீட்டு நிறுவனம் 2024 ஜூனில் வெளியிட்ட கணிப்பில், 2029இல் ஒரு பங்கு 2,600 டாலர் ஆகும் என்று சொன்னபோது, அந்த மதிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் ஓட்டுநர் இல்லாத டாக்ஸிகளிலிருந்தே வரும் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது.

எனவே ஒரே பங்கில் நீங்கள் இரண்டு பொருள்களை வாங்கியிருக்கிறீர்கள். ஒன்று, லாபம் சுருங்கிவரும் கார் நிறுவனம். மற்றொன்று, ஓட்டுநரே தேவைப்படாத ஒரு நாளைப் பற்றிய வாக்குறுதி. விலையின் பெரும்பகுதி இரண்டாவதற்குரியது. கார் விற்பனை குறைந்த செய்தி வந்த நாளிலும் பங்கு உயர்வதைப் பார்த்துத் திகைப்பவர்கள், அன்று சந்தை எந்தப் பொருளுக்கு விலை பேசியது என்பதைக் கவனித்தால் திகைப்பு தீரும்.

கேள்வி: காலாண்டு அறிக்கையில் எந்த வரியை முதலில் படிக்க வேண்டும்?

பதில்: வருமான அறிக்கையில் கார் விற்பனை வருமானத்துக்கு அடுத்த வரியாக உமிழ்வுக் கிரெடிட்டுகளின் வருமானம் தனியே கொடுக்கப்பட்டிருக்கும். புகை உமிழும் கார்களை விதித்த அளவுக்கு மேல் விற்கும் பிற நிறுவனங்கள், அபராதத்தைத் தவிர்ப்பதற்காக, புகையில்லாத கார் விற்கும் டெஸ்லாவிடமிருந்து கிரெடிட்டுகளை விலைக்கு வாங்குகின்றன. இதற்கென்று டெஸ்லா தனியாக எதையும் உற்பத்தி செய்வதில்லை என்பதால், வரும் தொகை ஏறத்தாழ முழுவதும் லாபம். 2024இல் அது 276 கோடி டாலர். அந்த ஆண்டின் நிகர லாபம் சுமார் 710 கோடி டாலர். 2025 முதல் காலாண்டின் அறிக்கையை எடுத்து இந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துப் பாருங்கள்: கிரெடிட்டுகள் 59.5 கோடி டாலர், நிகர லாபம் 40.9 கோடி டாலர். அந்த வரியை மறைத்துவிட்டால் அந்தக் காலாண்டில் நஷ்டம்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம், எரிபொருள் சிக்கன விதியை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. அபராதமே இல்லாதபோது அதிலிருந்து தப்பிக்கப் பணம் கொடுப்பவர் யார்? ஐரோப்பாவில் இந்த ஏற்பாடு தொடர்கிறது என்றாலும், அமெரிக்கப் பங்கு வற்றத் தொடங்கிவிட்டது. வரும் அறிக்கைகளில் இந்த வரி எவ்வளவு சிறுக்கிறது என்பதை நீங்களே குறித்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இந்தக் காரை வைத்திருக்கிறான். அலுவலகத்திலிருந்து வீடுவரை கார் தானே ஓட்டி வருகிறது, ஸ்டீயரிங்கைத் தொடுவதே இல்லை என்கிறான். கண்ணால் கண்டதை நம்பாமல், தானோட்டிக் கார் இன்னும் வரவில்லை என்று உங்களைப் போன்றவர்கள் ஏன் எழுதுகிறீர்கள்?

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது உண்மை. அந்த மென்பொருள் நகரச் சாலைகளில் சிக்னலுக்கு நின்று, திரும்பி, இடம் பார்த்து முந்திச் சென்று, பல மைல்களை மனித உதவி இல்லாமல் கடக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய சாதனை, அதைச் செய்த பொறியாளர்களை நான் மதிக்கிறேன். ஆனால் முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி கார் எவ்வளவு தூரம் தானே ஓடுகிறது என்பதல்ல. அது இடித்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி.

ஓட்டுநர் உதவியை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்திருக்கிறது. இரண்டாம் நிலைவரை, கார் என்ன செய்தாலும் ஓட்டுபவர் மனிதர்தான். ஒவ்வொரு நொடியும் சாலையைக் கவனித்திருக்க வேண்டியது அவர் கடமை. மூன்றாம் நிலையில், குறிப்பிட்ட சூழலுக்குள் இயந்திரம் ஓட்டுகிறது, அது கேட்டால் மனிதர் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்காம் நிலையில், வரையறுத்த பகுதிக்குள் மனிதரே தேவையில்லை. வாடிக்கையாளர்களுக்கு விற்கப்படும் டெஸ்லா மென்பொருள் இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. 2024இல் அதன் பெயரோடு ‘கண்காணிப்புடன்’ என்ற சொல்லையும் நிறுவனமே சேர்த்துக்கொண்டது. உங்கள் மகன் ஸ்டீயரிங்கைத் தொடாவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் ஓட்டிவருபவர் அவர்தான்.

இரண்டாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒருமுறை பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தேன். நண்பர் ஒருவரின் காரில், அது எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே தேவையில்லை, நாற்பது நிமிடம் மென்பொருளே ஓட்டிவந்தது. ஒரு குறையும் இல்லை. நண்பர் பேச்சில் மூழ்கியிருந்தார். சாலை வேலை நடந்த ஓரிடத்தில், பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சற்று விலகிப் புதிய கோடு போட்டிருந்தார்கள். மாலை வெயில் தாழ்ந்து விழுந்ததில், சுரண்டிய தடம் புதிய கோட்டைவிடப் பளிச்சென்று மின்னியது. கார் தடத்தைப் பின்பற்றி மெல்ல இடப்புறம் சாயத் தொடங்கியது; அங்கே வரிசையாகத் தடுப்புப் பீப்பாய்கள். நண்பர் ஸ்டீயரிங்கைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு வீடுவரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. நாற்பது நிமிடம் தவறாமல் ஓட்டியதுதான் அவரைப் பேச்சில் மூழ்க விட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். மென்பொருள் மேம்பட மேம்பட மனிதரின் கவனம் தளர்கிறது; ஆயிரம் மைலுக்கு ஒருமுறை தவறும் காரை, பத்து மைலுக்கு ஒருமுறை தவறும் காரைவிட விழிப்போடு கண்காணிப்பது கடினம்.

பாதுகாப்பை எண்களால் நிறுவுவது எவ்வளவு பெரிய வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பத்துக் கோடி மைல் பயணத்துக்குச் சாலை மரணம் ஒன்றைவிடச் சற்று அதிகம். மனித ஓட்டுநர்கள் அவ்வளவு மோசமானவர்கள் அல்லர். தானோட்டிக் கார்கள் அந்த அளவுக்காவது பாதுகாப்பானவை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, அவை ஒரு மரணமும் இல்லாமல் சுமார் 27.5 கோடி மைல் ஓடியிருக்க வேண்டும் என்று ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. அதுவும், மனிதர் கண்காணிக்காமல் ஓடிய மைல்களாக இருக்க வேண்டும். உங்கள் மகன் போன்றவர்கள் கண்காணித்துக் காப்பாற்றிய மைல்களை வைத்து, கண்காணிப்பு இல்லாதபோது என்ன ஆகும் என்று சொல்லிவிட முடியாது. மகனிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: கண் சாலையில் இருக்கட்டும்.

கேள்வி: டெஸ்லா கேமராக்களை மட்டுமே நம்புகிறது, ஓட்டுநர் இல்லாத டாக்ஸி நடத்தும் வேமோ நிறுவனம் லிடார், ரேடார் எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது. எது வெல்லும்?

பதில்: மனிதர் இரண்டு கண்களால் ஓட்டுகிறார், எனவே கேமராவும் நல்ல மூளையும் போதும் என்பது டெஸ்லாவின் வாதம். 2021இல் புதிய கார்களிலிருந்து ரேடாரையும், 2022இல் மீயொலி உணரிகளையும் எடுக்கத் தொடங்கியது. கேமரா தூரத்தை அளப்பதில்லை, படத்திலிருந்து ஊகிக்கிறது. லிடார் ஒளிக்கற்றையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்திலிருந்து தூரத்தை அளக்கிறது. இருட்டு அதற்குத் தடையல்ல. எதிர்வெயில், மூடுபனி, புழுதி ஆகியவற்றில் ஊகம் தடுமாறும் இடத்தில் இன்னொரு புலன் துணைக்கு இருப்பது நல்லது என்பது வேமோவின் வாதம். பார்வைத் தெளிவு குறைந்த நிலையில் நிகழ்ந்த நான்கு விபத்துகளுக்குப் பிறகு, அவற்றில் ஒன்றில் சாலையில் நடந்து சென்றவர் இறந்திருந்தார், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் சுமார் 24 லட்சம் டெஸ்லா கார்களை ஆய்வுக்கு உட்படுத்தியது. அடுத்த ஆண்டு அக்டோபரில், சிவப்பு விளக்கைத் தாண்டியது போன்ற போக்குவரத்து விதிமீறல்கள் குறித்து சுமார் 29 லட்சம் கார்கள் மீது இன்னோர் ஆய்வு தொடங்கியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கேமரா மலிவு. அந்த வழி வென்றுவிட்டால், ஏற்கெனவே சாலையில் இருக்கும் லட்சக்கணக்கான கார்கள் ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் டாக்ஸிகளாகிவிடும் என்பதுதான் பங்கின் விலைக்குள் இருக்கும் கனவு. வேமோ ஒவ்வொரு நகரமாக, ஒவ்வொரு காராக, பெருஞ்செலவில் விரிகிறது. இருந்தாலும் இன்றைய நிலையைச் சொல்ல வேண்டும். வேமோ 2020 அக்டோபரில் பீனிக்ஸ் பகுதியில் ஓட்டுநர் இல்லாத சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2025 ஏப்ரலில் பல நகரங்களில் சேர்த்து வாரத்துக்கு இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான கட்டணப் பயணங்களை நடத்திக்கொண்டிருந்தது. டெஸ்லா 2025 ஜூன் 22 அன்று ஆஸ்டின் நகரில் சில கார்களோடு தொடங்கியது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து முன் இருக்கையில் நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளரும் இல்லாத பயணங்கள் சிலவற்றை 2026 ஜனவரியில்தான் அங்கே அறிவித்தது.

லிடார் இருந்தாலே வெற்றி என்றும் எண்ண வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸின் குரூஸ் நிறுவனத்திடம் எல்லாக் கருவிகளும் இருந்தன. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதி அதன் பாதையில் விழுந்த ஒரு பெண்ணை குரூஸ் கார் இடித்து நின்றது, பிறகு சாலையோரம் ஒதுங்க முயன்று சுமார் இருபது அடி இழுத்துச் சென்றது. அனுமதி பறிபோயிற்று, 2024 டிசம்பரில், 1,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருந்த நிலையில், அந்த டாக்ஸித் திட்டத்தையே ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. ஒரே இரவில் நடந்த ஒரு விபத்து பத்தாண்டு முதலீட்டைத் தின்றுவிடக்கூடிய தொழில் இது. டெஸ்லாவின் மதிப்பில் பெரும்பகுதி இந்த ஒரே தொழிலில் தொங்குகிறது என்பதை மறக்காதீர்கள். வேமோவுக்குப் பின்னாலோ கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் இருக்கிறது; வேமோ தோற்றாலும் ஆல்ஃபபெட் பிழைக்கும்.

கேள்வி: தானோட்டிக் கார் அடுத்த ஆண்டு வந்துவிடும் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்கள். தாமதமானால் என்ன, கடைசியில் வந்துவிட்டால் முதலீட்டாளருக்கு லாபம்தானே?

பதில்: இந்தக் கேள்வியில் ஒளிந்திருக்கும் எண்ணம்தான் பலரின் பணத்தைக் கரைக்கிறது, ஆகவே சற்று நின்று பேச வேண்டும்.

முழுத் தானோட்டத்துக்குத் தேவையான எல்லாக் கருவிகளும் இனி வரும் எல்லாக் கார்களிலும் இருக்கும் என்று 2016 அக்டோபரில் அறிவித்தார்கள். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை கார் தானே ஓடிக் காட்டும் என்றார்கள். அந்தப் பயணம் நடக்கவில்லை. 2019 ஏப்ரலில், அடுத்த ஆண்டு ஓட்டுநர் இல்லாத டாக்ஸிகள், அதாவது ரோபோடாக்ஸிகள், பத்து லட்சம் சாலையில் இருக்கும் என்று மஸ்க் சொன்னார். 2020 வந்து போயிற்று. 2025 ஜனவரியில், மூன்றாம் தலைமுறைக் கணினி பொருத்திய கார்களில் முழுத் தானோட்டத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்குக் கணினியை மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். கருவிகள் எல்லாம் இருக்கின்றன என்ற பழைய அறிவிப்பு அந்தக் கார்களைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. மென்பொருளின் விலை 2022இல் 15,000 டாலர் வரை சென்று, 2024இல் 8,000 டாலராகவும், சந்தா மாதம் 199 டாலரிலிருந்து 99 டாலராகவும் குறைந்தது. காலம் செல்லச் செல்ல மதிப்பு ஏறும் பொருள் என்று சொல்லி விற்றதன் விலை, காலம் செல்லச் செல்லக் குறைந்திருக்கிறது.

இப்போது தாமதத்தின் கணக்கு. ஆண்டுக்கு 12 சதவீத வருவாயை எதிர்பார்க்கும் முதலீட்டாளருக்கு, ஐந்து ஆண்டு கழித்து வரும் 100 டாலரின் இன்றைய மதிப்பு சுமார் 57 டாலர். அதே 100 டாலர் பத்து ஆண்டு கழித்து வந்தால் 32 டாலர். கனவு முழுமையாக, ஒரு சல்லிக் குறையாமல் நிறைவேறினாலும், ஐந்து ஆண்டு தள்ளிப்போனதற்கே மதிப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. அந்த ஐந்து ஆண்டில் போட்டியாளர்கள் சும்மா இருப்பதில்லை. முதலில் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபம், நான்காவதாக வந்தால் கிடைக்காது. நூறு டாலரே எண்பதாகவோ ஐம்பதாகவோ சுருங்கிவிடும்.

பொறுப்பின் செலவும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2019இல் ஃபுளோரிடாவில், டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி மென்பொருள் இயங்கிக்கொண்டிருந்த கார் மோதி ஓர் இளம்பெண் இறந்த விபத்தில், மயாமி நடுவர் குழு 2025 ஆகஸ்டில் டெஸ்லாவுக்கும் மூன்றில் ஒரு பங்குப் பொறுப்பு உண்டு என்று கூறி, தண்டனைத் தொகையும் சேர்த்துச் சுமார் 24.3 கோடி டாலர் செலுத்தச் சொன்னது. இந்தத் தொகை அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குச் சிறியது. ஆனால் ஓட்டுநர்தான் பொறுப்பு என்று சொல்லித் தப்ப முடிந்த காலம் மாறத் தொடங்கியதற்கு அது அடையாளம்.

கேள்வி: தலைமை நிர்வாகிக்கு ஒரு லட்சம் கோடி டாலர் ஊதியம் என்று படித்தேன். அவ்வளவு கொடுக்கச் சம்மதித்த பங்குதாரர்கள் முட்டாள்களா?

பதில்: இல்லை. 2025 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 75 சதவீதத்துக்கும் அதிகமான ஆதரவோடு அது நிறைவேறியது. இலக்குகளை எட்டினால் மட்டுமே பங்குகள் படிப்படியாகக் கிடைக்கும். சந்தை மதிப்பு 8.5 லட்சம் கோடி டாலரைத் தொட்டால்தான் முழுத் தொகை. செயல்பாட்டு இலக்குகளில் ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள்: மொத்தம் இரண்டு கோடி கார்கள் ஒப்படைக்க வேண்டும். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து ஒப்படைத்த அத்தனை கார்களும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு காலத்தில் 2030க்குள் ஒரே ஆண்டில் விற்போம் என்று சொன்ன அதே எண், இப்போது ஒட்டுமொத்த எண்ணிக்கையாகிவிட்டது. கார் வளர்ச்சியைப் பற்றி இயக்குநர் குழுவின் உண்மையான எதிர்பார்ப்பு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கேள்வி: எனக்கு வயது 58. சேமிப்பில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இந்த ஒரே பங்கில் இருக்கிறது. பங்குப் பிரிப்புகளுக்குப் பிறகு நல்ல லாபத்தில்தான் இருக்கிறேன். விற்றுவிடட்டுமா? விற்ற பிறகு ஏறிவிட்டால் என்ற பயம் தூங்க விடவில்லை.

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் முதலில் வாங்கிய தொகை சிறியது. பங்கு வளர்ந்ததால்தான் அது நாற்பது சதவீதம் ஆகியிருக்கிறது. அதாவது, நாற்பது சதவீதத்தை ஒரே பங்கில் போடுவோம் என்று நீங்கள் எந்த நாளிலும் முடிவு செய்யவில்லை. இன்று உங்கள் கையில் அத்தனையும் ரொக்கமாக இருந்தால், ஓய்வுபெற இரண்டு மூன்று ஆண்டுகளே இருக்கும் நிலையில், அதில் நாற்பது சதவீதத்துக்கு இந்தப் பங்கை இன்றைய விலையில் வாங்குவீர்களா? வாங்க மாட்டேன் என்று உங்கள் மனம் சொன்னால், வைத்திருப்பதற்கும் அதே பதில்தான்.

இந்தப் பங்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 65 சதவீதம் விழுந்தது. அப்போது கார் விற்பனை 40 சதவீதம் வளர்ந்துகொண்டிருந்தது. மறுபடி அப்படி ஒரு வீழ்ச்சி வந்தால், உங்கள் மொத்தச் சேமிப்பில் நான்கில் ஒரு பங்கு ஓர் ஆண்டில் போய்விடும், அதைத் திரும்ப ஈட்டும் காலம் உங்களிடம் இல்லை. முப்பது வயதுக்காரருக்கு நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்கச் சொல்லவில்லை. உங்கள் ஓய்வுக் காலத்துக்கு இன்றியமையாத தொகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகையில் இந்தப் பங்கிலிருந்து வர வேண்டியது எவ்வளவோ, அதை இரண்டு மூன்று தவணைகளில் விற்று, வரியைக் கணக்கிட்டு ஒதுக்கி, நிலையான முதலீடுகளுக்கு மாற்றிவிடுங்கள். மீதம் இருப்பது முழுவதும் போனாலும் உங்கள் வாழ்க்கை மாறாது என்ற அளவுக்குக் குறைந்த பிறகு, விருப்பம் இருந்தால் வைத்திருங்கள். அப்போது விலை ஏறினால் அதில் உங்களுக்கும் பங்கிருக்கும். விற்ற பிறகு ஏறிவிடுமோ என்ற பயத்துக்கு அதுவே போதுமான மருந்து.

வைத்திருக்கும் பகுதிக்காக, இனி விளம்பர நிகழ்ச்சிகளையும் காணொளிகளையும் பார்க்க வேண்டாம். 2024 அக்டோபரில் சைபர்கேப் என்ற தானோட்டி டாக்ஸியைப் பெரிய விழா எடுத்துக் காட்டிய மறுநாள் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம் விழுந்தது என்பதை நினைவில் வையுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை மூன்றை மட்டும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: முன் இருக்கையிலும் ஓட்டுநர் இருக்கையிலும் நிறுவனத்தின் ஆள் யாரும் இல்லாமல், கட்டணம் வாங்கிக்கொண்டு எத்தனை நகரங்களில் எத்தனை கார்கள் ஓடின, கிரெடிட்டுகளைக் கழித்தால் கார் விற்பனையில் லாபம் மிஞ்சியதா, தனியார் வாங்கிய ஒரு காரிலாவது, அது தானே ஓடும்போது நேரும் விபத்துக்குப் பொறுப்பை நிறுவனமே ஏற்பதாக எழுதிக் கொடுத்ததா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்ற பதில் வரும் நாளில் எனக்கு மறுபடி எழுதுங்கள்; அன்று உங்களுக்கு வேறு பதில் எழுத வேண்டியிருக்கும்.